வெள்ளைக் கோடு போட்ட டயர்

டயர் வாங்க வருகிறவர்கள் முதலில் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார்கள். கெட்டியாக இருந்தால் நல்ல டயர் என்று அவர்களாகவே முடிவு செய்துகொள்வார்கள். இருபத்தாறு வருடமாக டயர் கடை வைத்திருக்கிறேன், ஐயா. எனக்குச் சிரிப்புதான் வரும்.

தம்பியிடம் இருந்தது அப்பாவின் பழைய மொபெட். பெடலும் உண்டு, இன்ஜினும் உண்டு. பள்ளி நாட்களில் அதைத் துடைத்தது, செயினுக்கு எண்ணெய் போட்டது, நின்றுபோனால் தள்ளிக்கொண்டு வந்தது எல்லாம் நான். அப்பா படுத்த படுக்கையானதும் சாவியை அவன் கையில் கொடுத்தார். "இவனுக்குத்தான்டா வண்டியோட அருமை தெரியும்" என்று என் முகத்தைப் பார்த்தே சொன்னார். அது வலித்தது. இன்னும் வலிக்கிறது.

பழைய வண்டிகள் ஊர்வலத்துக்கு டயர் வேண்டும் என்று தம்பி போன் செய்தான். அந்தக் காலத்து டயர் என்றால் நடுவர்கள் கூடுதல் மதிப்பெண் தருவார்களாம். பரணில், நான் கடையை எடுப்பதற்கு முன்பிருந்தே, நாற்பது வருடமாகக் காகிதம்கூடப் பிரிக்காத ஒரு ஜோடி கிடந்தது, பக்கத்தில் வெள்ளைக் கோடு போட்டது. அதைக் கண்டதும் அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே, கரும்பு தின்னக் கூலி கொடுத்த மாதிரி.

"இது புதுசாண்ணே?"

"ஒருநாள்கூட ரோட்டைப் பாக்கலடா."

கட்டைவிரலால் அழுத்தினான். "நல்லா கெட்டியா இருக்குண்ணே."

நான் பொய் சொல்லவில்லை. சும்மா கிடந்தாலும் ரப்பர் இறுகிச் செத்துப்போகுமா என்று அவன் கேட்கவில்லை. மடக்கிப் பார்த்திருந்தால் மயிரிழை மயிரிழையாக வெடிப்பு தெரிந்திருக்கும். தெரியாமலிருக்க, அவன் வருவதற்கு முன்பே கருப்பு பாலிஷ் தேய்த்து வைத்திருந்தேன்.

ஊர்வலப் பாதை மேட்டிலிருந்து பாலம் வரை ஒரே இறக்கம். பாதி இறக்கத்தில் முன் டயர் வெடித்தது. பாலத்துச் சுவரில் மோதி, தம்பி அங்கேயே போய்விட்டான். முன்னால் உட்கார்ந்திருந்த அவன் மகளுக்குக் கால் முறிந்ததோடு சரி.

குழந்தையும் வண்டியில் ஏறப்போவது தெரியாது என்று காலையில் உங்களிடம் சொன்னேன். தெரியும். கொலைகாரன் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஈவு இரக்கமில்லாதவன் என்று மட்டும் எழுதாதீர்கள். முந்தின நாள் நாலு கடை ஏறி இறங்கி, அவள் தலைக்குச் சரியாக ஒரு ஹெல்மெட் வாங்கிக் கொடுத்தது இந்தப் பெரியப்பாதான்.