பர்மா மெடலும் நந்தியாத்துப் பாலமும்

கௌரி: ...சிரிக்கல பாவா. தும்மல்.

தேசப்பன்: இவ்ளோ நேரமாவா தும்முவாங்க? சிரி. திருத்தணியே சிரிக்குது.

கௌரி: சிரிக்காம? எனக்கு நிச்சயம் பண்ண வந்த மாப்பிள்ளையோட அப்பாரு, நீ கட்டுன பாலத்துல நடு ஆத்து வரைக்கும் வந்தாரு... அப்பிடியே பாலத்தோட ஒக்காந்துட்டாரு...

தேசப்பன்: இடுப்பளவு தண்ணிதான.

கௌரி: தலப்பா தனியா மெதந்து போச்சே!

தேசப்பன்: பர்மாவுல நான் கட்டுன பாலத்துல டாங்கி போச்சு கௌரி. லாரி லாரியா போச்சு. இங்க ஒரு தாம்பூலத் தட்டு போவல.

கௌரி: அதுக்குத்தான் மெடல் குடுத்தானா வெள்ளக்காரன்?

தேசப்பன்: ஆங்... அந்தக் காட்டுல கொசு கடிச்சவனுக்கெல்லாம் குடுத்தான். எங்க பட்டாளத்து சமையக்காரனுக்கும் இதே நட்சத்திர மெடலுதான்.

கௌரி: அப்ப காலையில எதுக்கு அத மாட்டிகினு நின்ன?

தேசப்பன்: உங்க நைனாதான்... "மெடல மாட்டிகினு கரையில நில்லுடா. எங்க அக்கா புள்ள பட்டாளத்து இஞ்சினீருன்னு நாலு பேரு பாக்கட்டும்"னாரு. நின்னேன். பாலம் கவுறுது, இஞ்சினீரு சல்யூட் அடிச்சிகினு நிக்கிறேன்...

கௌரி: ஐயோ, போதும்... வவுறு வலிக்குது...

தேசப்பன்: அந்தாளு அக்கரையில ஏறி நின்னுகினு இன்னா கத்தினாரு, கேட்டியா? "இவனுக்கெல்லாம் மெடல் குடுத்துதான்டா வெள்ளக்காரன் ஊரு போயி சேந்தான்"னு.

கௌரி: சகுனம் சரியில்ல, சம்பந்தமே வேணாம்னும் கத்தினாரே. வண்டிய அவங்க ஊரு நகரிக்கே திருப்பிட்டாரு.

தேசப்பன்: ...உனக்கு வருத்தமா?

கௌரி: நைனாவுக்குத்தான். உன்ன வாசப்படி மிதிக்கக் கூடாதுன்னுட்டாரு.

தேசப்பன்: புதுசா இன்னா? போன தையில நான் பொண்ணு கேட்டப்பவே சொன்னாரே... மலேரியாக்காரன், நெலமில்லாதவன்னு. இப்ப ஆத்துல தண்ணி வந்ததும், பாலம் கட்டித் தாடான்னு அவரே வந்தாரு.

கௌரி: நீயும் கட்டின.

தேசப்பன்: மாட்டேன்னு சொல்ல வாய் வரல. பெரிய வீரன் பாரு. சப்பான்காரன் குண்டு போட்டப்போ பாலத்துக்கு அடியில படுத்துகினு முருகா முருகான்னு அழுதவன்.

கௌரி: அழுதுட்டு?

தேசப்பன்: எழுந்து மிச்சத்தக் கட்டினேன். வேற இன்னா பண்றது?

கௌரி: பாவா... என் மூஞ்சப் பாத்து சொல்லு. பாலம் தானாவா வுழுந்துச்சு?

தேசப்பன்: பட்டாளத்துல பாலம் கட்டவும் சொல்லித் தந்தான். ஒடைக்கவும் சொல்லித் தந்தான்.

கௌரி: அப்பிடின்னா?

தேசப்பன்: உன்ன நகரிக்கு அனுப்ப என் கையாலயே வழி போட்டுத் தரணுமான்னு இருந்துச்சு கௌரி. நேத்து பொழுது சாயறப்போ வந்து, எடது பக்கக் கயித்துக் கட்ட அவுத்து வுட்டேன். அது ஒண்ணு போனாலே பாலம் நேத்தே சரிஞ்சிருக்கணும். சரியல. காலையில பாத்தா அப்பிடியே நிக்குது... எப்பிடித்தான் வுழுந்துச்சோ, இன்னும் புரியல.

கௌரி: எப்பிடி வுழும்? வெடியக்காலையில தண்ணி மொள்ளப் போறேன்னு வந்து, வலது பக்கக் கட்ட நானு அருவாளால அறுத்து அறுத்து கையெல்லாம் கொப்புளம்... அவ்ளோ கெட்டியா கட்டியிருக்க பாவா!