பிரான்சிஸ்காவைப் பற்றிய மெயில்

பாலாவியில் வெயில் ஏறினால் இன்டர்நெட் இழுபடத் தொடங்கிவிடும். அதனால் மெயில்களை நான் காலையிலேயே எழுதி வைத்துவிடுவேன். மேலாளர் அத்தாஉல்லா சேர் வந்து பார்த்து அனுப்புவார். எங்களுடையது மீன் ஏற்றுமதிக் கம்பனி. நான் சேர்ந்த புதிதில் அவர் ஒவ்வொரு சொல்லையும் வாசித்தார். பிறகு தேத்தண்ணி குடித்துக்கொண்டே அனுப்பினார். என்மேல் அவ்வளவு நம்பிக்கை.

2007இல் பிரான்சிஸ்கா வேலைக்கு வந்தாள். மன்னார்ப் பிள்ளை. என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். மத்தியானம் சோற்றுப் பார்சல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சாப்பிடுவோம். தன் தம்பி புலிகளின் பகுதியான வன்னியில் அகப்பட்டுக்கொண்டான் என்பதை என்னிடம் மட்டும் சொன்னாள். எப்போதாவது அவனிடமிருந்து அழைப்பு வந்தால் பின்பக்கம் போய் நின்று கதைப்பாள்.

ஒருநாள் என் மெயில் ஒன்றில் பிழை இருப்பதைச் சேருக்குக் காட்டினாள். பிழைதான். சேர் கோபப்படவில்லை.

“இனி எனக்குத் தர முந்தி பிரான்சிஸ்காட்ட ஒருக்காக் காட்டுங்க தங்கச்சி” என்றார்.

அதற்குப் பிறகு என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. எழுதுவேன், எழும்பிப் போய்க் குளிரறைக் கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்ப்பேன், திரும்பி வந்து எழுதியதை அழிப்பேன். அவள் திருத்தும்போது மெல்லப் பெருமூச்சு விடுவாள். அந்தச் சத்தம் வீட்டுக்குப் போகும் கற்பிட்டி பஸ்ஸிலும் எனக்குக் கேட்டது. ஏன் நித்திரை இல்லை என்று அம்மா கேட்டதற்கு வெக்கை என்றேன்.

ஆவணி மாதம் கொழும்புத் தலைமையகம், வடக்கிலிருந்து வந்த ஊழியர்களின் விபரம் கேட்டது. பாதுகாப்புப் பிரிவுக்குக் கொடுக்க வேண்டுமாம். எங்கள் கந்தோரில் அது பிரான்சிஸ்கா மட்டும்தான். அன்று அவள் தலவில கோயிலுக்குப் போயிருந்தாள். நான் எழுதினேன். பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம். அவற்றின் கீழே, தம்பி வன்னியில் இருக்கிறான், அவன் அழைத்தால் வெளியே போய்க் கதைப்பாள், எங்கள் வள்ளங்கள் புறப்படும் நேரம் அவளுக்குத் தெரியும் என்று எழுதினேன். ஒன்றையும் கூட்டிச் சொல்லவில்லை. வள்ள நேரம் எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனால் கேட்டது அவளைப் பற்றித்தானே.

சேர் கொழும்புக்குப் புறப்படும் அவசரத்தில் நின்றபடியே, எல்லாம் சரியா என்று கேட்டார். ஓம் என்றேன். அனுப்பினார். அவர் போன பிறகு, அது போய்விட்டதா என்று பலமுறை திறந்து பார்த்தேன். போயிருந்தது.

அடுத்த கிழமை இலக்கத் தகடு இல்லாத வான் ஒன்று வந்தது. இறங்கியவர்கள் மரியாதையாகத்தான் கூப்பிட்டார்கள். பிரான்சிஸ்கா கைப்பையை எடுத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“எண்ட பார்சலக் கொஞ்சம் மூடி வையுங்க அக்கா. வந்து சாப்பிடுறன்.”

மூடி வைத்தேன். பொழுதுபட எறும்பு ஏறிவிட்டது, வெளியே கொட்டினேன்.

அவளுடைய தாய் மார்த்தா மன்னாரிலிருந்து வந்தார். சேர் அவரைக் கூட்டிக்கொண்டு பொலிஸ், இராணுவ முகாம் என்று அலைந்தார். ஓரிடத்தில் ஒரு அதிகாரி அந்த மெயிலை எடுத்துக் காட்டி, நீங்கள் அனுப்பியதுதானே என்று கேட்டாராம். கீழே சேரின் பெயர் இருந்தது. மார்த்தா பக்கத்திலேயே நின்றிருக்கிறார். அங்கிருந்தே தனியாக மன்னார் பஸ் ஏறிவிட்டாராம்.

அது நோன்பு மாதம். கந்தோருக்குத் திரும்பி வந்த சேர், நோன்பு திறக்கப் பாங்கு சொல்லியும் தண்ணீரைத் தொடவில்லை. என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். முன்பு ஒருபோதும் அப்படி நின்றதில்லை.

“தங்கச்சி, இத நான் வாசிச்சிட்டா அனுப்பினேன்? எனக்கு ஞாபகமே வருதில்ல.”

“ஓம் சேர். ரெண்டு தரம் வாசிச்சீங்க” என்றேன்.

அடுத்த மாதம் அவர் வேலையை விட்டார். பள்ளிவாசலுக்குப் போவதையும் நிறுத்திவிட்டாராம்; வீட்டு வாசலில் வான் சத்தம் கேட்டால் எழுந்து ஓடுகிறாராம்.

அவர்மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. வாசிக்காமல் அனுப்புகிற ஆள் என்று அவர் தன்னைத்தானே குறைவாக நினைத்துவிடக் கூடாது. அதற்காகத்தான் அப்படிச் சொன்னேன்.