மீட்டருக்கு ஒரு பெயர்

எனக்குச் சும்மா உட்காரத் தெரியாது சார். கால் ஆடிக்கொண்டே இருக்கும், தப்பாக நினைக்காதீர்கள். சர்ச்சில்கூட என் மனைவி கரோலின் முழங்காலைப் பிடித்து அழுத்துவாள்.

ஆம்பூரில் வக்கார் அகமது பாயின் தோல் கம்பெனிக்கு இணையத்தில் டொமைன் பெயர் வாங்கிக் கொடுத்தவன் நான். பெயர் மட்டும் போதாது. அதைத் தேடி வருகிறவர்களுக்கு மெயில் எங்கே, வெப்சைட் எங்கே என்று வழி சொல்ல ஒரு சர்வர் வேண்டும். டி.என்.எஸ். என்போம். உலகத்தில் எத்தனை சர்வர் இருந்தாலும் அந்தப் பெயருக்கு அது சொல்வதுதான் முடிவு. அதில் ஒவ்வொரு வரியும் நான் எழுதியது. எது கெட்டாலும் “ஜெஸ்டனைக் கேளு” என்பார் பாய். கேட்கக் கேட்க நெஞ்சு நிறையும் சார்.

கழிவுநீர்த் தொட்டியில் விஷவாயு மீட்டர் வைத்ததும் நான்தான். மீட்டர் ஒரு பெயரைத் தேடிப் போய்த் தன் அளவைச் சொல்லும். அதைப் பார்த்துத் தொட்டிக்கு மேலே உள்ள போர்டில் பச்சையோ சிவப்போ எரியும். அந்தப் பெயருக்கும் ஒரு வரி உண்டு.

போன மாதம் பாயின் மருமகன் தன்சீல் அகமது சென்னையிலிருந்து ஒரு கம்பெனியைக் கூட்டிவந்தார். “டி.என்.எஸ். எல்லாம் இனிமே அவங்க பாத்துப்பாங்க. நீங்க வரியெல்லாம் எடுத்துக் குடுத்துடுங்க” என்றார். நிற்கவைத்தே பேசினார்.

கொடுத்தேன். மெயில், வெப்சைட், எல்லாம் கொடுத்தேன். மீட்டரின் வரியை மட்டும் விட்டுவிட்டேன். மறதி இல்லை. போர்டு நின்றுபோகும், புது ஆட்கள் திருதிருவென்று முழிப்பார்கள், என்னைக் கூப்பிடுவார்கள் என்று நினைத்தேன். நின்றுபோகும் என்றால் அணைந்துவிடும் என்று அர்த்தமில்லை. அளவு வராவிட்டால் போர்டு கடைசியாக வந்ததையே காட்டிக்கொண்டிருக்கும். கடைசியாக வந்தது பச்சை.

அப்புறம் போனைக் கையிலிருந்து கீழே வைக்கவில்லை. பைபாஸ் வரை நடப்பேன், திரும்புவேன், மறுபடி நடப்பேன். சோறு இறங்கவில்லை. மெயில் ஒழுங்காகப் போனது, வெப்சைட் திறந்தது. ஒருத்தரும் கூப்பிடவில்லை. என்ன மனுஷர்கள் சார் இவர்கள்.

ஒரு வியாழக்கிழமை காலையில் போன் அடித்தது. தொட்டி சுத்தம் செய்கிறவர்களுக்கு மேஸ்திரி, பேரணாம்பட்டு செல்வகுமார். இறங்குவதற்கு முன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்பது அவன் வழக்கம்.

“அண்ணா, புதுசா வந்தவங்களுக்கு இன்னா தெரியும். போர்டு பச்சையாத்தான் கீது. ஆனா வாடை ஜாஸ்தியா கீதுண்ணா. எறங்கலாமா?”

சொல்லியிருக்கலாம். வரி இல்லை என்றால் ஏன் இல்லை என்பார்கள். சென்னைக்காரன் ஐந்து நிமிஷத்தில் அதைச் சேர்த்துவிட்டு நல்ல பேர் வாங்கிக்கொண்டு போவான்.

“பச்சைன்னா எறங்குடா. நான் வச்ச மீட்டரு” என்றேன்.

“நீங்க சொன்னா போதும்ணா.”

தெரிந்தேதான் சொன்னேன், அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். உள்ளே மயங்கி விழுந்த அவனைத் தூக்க இறங்கிய அவன் கூட்டாளி அமீர் பாஷாவும் உயிரோடு மேலே வரவில்லை. செல்வகுமார் நல்ல மாதிரி சார். அந்தக் கம்பெனியில் கடைசிவரை என்னைக் கேட்டவன் அவன் ஒருத்தன்தான்.

மதியம் பாயே கூப்பிட்டார். “ஜெஸ்டன், போர்டு இன்னும் பச்சையாவே இருக்குது. யாருக்கும் ஒண்ணும் புரியல. நீ வந்து பாருப்பா.”

போனேன். தன்சீலிடம் புது சர்வரின் பாஸ்வேர்டை வாங்கி, விட்ட வரியைச் சேர்த்தேன். கொஞ்ச நேரத்தில் போர்டு சிவப்பானது. “நீ இருந்திருந்தா இப்படி ஆயிருக்காது” என்று பாய் என் கையைப் பிடித்துக்கொண்டார். தன்சீல் எழுந்து தன் நாற்காலியை எனக்கு விட்டார். வெளியே கேட் அருகே செல்வகுமாரின் மனைவி சுந்தரி மாரில் அடித்துக்கொண்டு அழும் சத்தம் கேட்டது.

உட்கார்ந்தேன். அன்றைக்கு என் கால் ஆடவே இல்லை சார்.