விடுபட்ட ஒற்று

அந்த ஞாயிறு எங்கள் சாந்தோம் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தவர்கள் நான்கு பேர்: ஓய்வுபெற்ற தமிழாசிரியன் பவுல்சாமியாகிய நான், என் மனைவி மர்சலின், மகள் பிரிஸில்லா, அவள் கட்டிக்கொள்ளப் போவதாகக் கூட்டிவந்த ஆஸ்வின். வஞ்சிரக் குழம்பு நன்றாகவே இருந்தது.

ஆஸ்வின் சைதாப்பேட்டைச் சந்தையில் மீன் வெட்டுபவன். "இன்னா மாமா, முள்ளப் பாத்து பயந்துக்கினு கீறீங்க? குடுங்க, நான் எடுத்துத் தரேன்" என்று என் தட்டில் கைவைத்தான். பிரிஸில்லா சிரித்தாள். மர்சலினும் சிரித்தாள். மூன்று தலைமுறையாக ஆசிரியர்கள் இருந்த வீடு இது. அடுத்த ஞாயிறு கோயிலில் பூசை நேரத்தில், இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் என்று எல்லார் முன்பும் கல்யாண ஓலை வாசிப்பார்கள். என் பெயரும் அவன் அப்பன் பெயரும் ஒரே மூச்சில் வரும். நான் கோபப்படவில்லை. எழுந்து கை கழுவினேன்.

ஹேஷ்டேக் பற்றி எனக்குச் சொல்லித் தந்தவள் பிரிஸில்லாதான். முகநூலில் நான் தினம் ஒரு பிழையைத் திருத்திப் போடுவதை யாரும் படிப்பதில்லை. "கூட்டம் எந்த டேக்ல இருக்கோ அதுல போடணும்பா. ஒரு எழுத்து மாறினாலும் அது வேற டேக். ஒருத்தரும் எட்டிப் பாக்க மாட்டாங்க. அங்கயும் போய் வாத்தியார் வேல பாக்காதீங்க" என்றாள்.

அந்த வாரம் பிள்ளை பிடிப்பவர்கள் அலைவதாக ஊரெல்லாம் பேச்சு. ஆயிரக்கணக்கானோர் #குழந்தைகளைகாப்போம் என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். ஆஸ்வின் தன் அக்காள் மகளைத் தூக்கிவைத்திருக்கும் படம் என்னிடம் இருந்தது. "இவர் சைதாப்பேட்டைச் சந்தையில் நடமாடுகிறார்" என்று எழுதினேன். இதில் பொய் இல்லை, மரியாதையும் குறையவில்லை. முறைப்படி #குழந்தைகளைக்காப்போம் என்று முடித்தேன். மூன்று பேர் பார்த்தார்கள்.

மறுநாள் காலை க் இல்லாமல் போட்டேன். மதியத்துக்குள் நாலாயிரம் பேர் பகிர்ந்தார்கள். நான்கு மணிக்குச் சந்தையில் கூட்டம் கூடியது. ஆஸ்வினை மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டிய தேவை இருக்கவில்லை; நேரே பிணவறைக்குத்தான் கொண்டுபோனார்கள். நான் அப்போது வீட்டில் காபி குடித்துக்கொண்டிருந்தேன். ஓலை வாசிக்கப்படவில்லை.

ஆய்வாளர் ஐயா, என் வாக்குமூலத்தில் இதையும் எழுதிக்கொள்ளுங்கள். வயதானவர், விவரம் தெரியாமல் ஏதோ அழுத்திவிட்டார், ஒற்றெழுத்தைக்கூட மறந்துவிட்டார் என்று மர்சலின் பங்கு மக்களிடம் சொல்லி வருகிறாளாம். அது தவறு. முப்பத்தைந்து ஆண்டு தமிழ் கற்பித்தவன் நான். அந்த க்கை மறக்கவில்லை. எடுத்தேன்.