கல் போடாத மேடு

டீயில் சர்க்கரை சரியாக இருக்கிறது. அலுவலக டீ என்றால் ஒன்று பாகு, இல்லாவிட்டால் கஷாயம். போட்டவரிடம் நான் பாராட்டியதாகச் சொல்லுங்கள்.

என் வேலை என்னவென்று கேட்டீர்கள். கடலுக்கடியில் எண்ணெய்க் குழாய் புதைக்கக் கணக்குப் போடுபவன் நான். உள்ளே கம்பிச் சுற்று, மேலே பிளாஸ்டிக் உறை என்று வளைந்து கொடுக்கும் குழாய். சூடான எண்ணெய் ஓடும்போது அது நீளப் பார்க்கும். மண் இறுக்கிப் பிடித்திருப்பதால் நீள இடமிருக்காது. அடியில் சின்ன மேடு ஒன்று கிடைத்தால் போதும், அங்கே மண்ணைப் பிளந்துகொண்டு முதுகைத் தூக்கிவிடும். அதனால் மேடு கண்ட இடமெல்லாம் கல்லைக் கொட்டி அமுக்கச் சொல்வேன். அலுவலகத்தில் எனக்குப் பெயரே கல்லுக்காரர்தான்.

இந்த வேலையில் ஒரு வயிற்றெரிச்சல் உண்டு. கல் போட்டால் குழாய் எழாது. எழவே இல்லையே, அப்புறம் எதற்கு இவ்வளவு கல் என்பார்கள்.

அலுவலகக் கேலியைப் பொறுத்துக்கொள்ளலாம். வீட்டிலும் ஒருவர் வாய்த்தார், என் தங்கை கணவர். டைவர், எங்கள் குழாய்களைப் பார்த்துவரக் கடலுக்குள் இறங்குபவர். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் ஒன்றாகச் சாப்பிட உட்கார்ந்தால் ஆரம்பித்துவிடுவார்.

"எத்தனையோ தடவ இறங்கிட்டேன் மச்சான். ஒரு குழாயாவது தலையத் தூக்கி என்னப் பாத்ததில்ல. நீங்க சும்மா பூச்சாண்டி காட்டுறீங்க."

தங்கை சிரிப்பாள். என் பிள்ளைகள் சிரிப்பார்கள். என் மனைவி, பாவம், சிரிப்பை அடக்கிக்கொண்டு தண்ணீர் எடுக்கப் போவாள். நானும் சிரிப்பேன். எனக்கு மாப்பிள்ளையைப் பிடிக்கும். பற்றிக்கொண்டும் வரும், மறைப்பானேன்.

அப்போதுதான் நீங்கள் விசாரிக்கும் இந்தக் குழாய் வந்தது. படகிலிருந்து ஒலி அனுப்பி அளந்த கடலடிக் கோடு எப்போதும் நடுங்கிக்கொண்டுதான் வரும். படகு ஆடுகிறது இல்லையா. அந்த நடுக்கத்தைக் கணினியில் இழைத்து வழவழப்பாக்குவது வழக்கம். எது நடுக்கம், எது நிஜ மேடு என்பது பழகிய கண்ணுக்குத் தெரியும். எனக்குத் தெரிந்தது. நிஜ மேடு ஒன்றையும் சேர்த்து இழைத்துவிட்டேன். அங்கே கல் விழவில்லை. மற்ற மேடுகளுக்கு வழக்கத்தைவிடக் கூடுதலாகவே போடச் சொன்னேன். நான் ஒன்றும் பொறுப்பில்லாதவன் அல்ல.

எண்ணெய் சூடாக ஓடத் தொடங்கியதும் குழாய் எழுந்தது, நான் நினைத்த அதே இடத்தில். படகு எடுத்த படத்தில் மங்கலாக ஒரு புடைப்பு. நிழலாக இருக்கும் என்றார் மேலதிகாரி. நேரில் பார்க்க டைவரை அனுப்பலாம் என்றேன். மாப்பிள்ளையைத்தான் அனுப்ப வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டேன். வேறு யார் பார்த்து எனக்கு என்ன பயன்?

டைவர் இறங்கும்போது ஓட்டத்தை நிறுத்திக் குழாயை ஆறவிடுவது முறை. நிறுத்த வேண்டாமென்றால் அதை வடிவமைத்தவர் சொல்ல வேண்டும். கட்டுப்பாட்டு அறையிலிருந்து போன் செய்தார்கள்.

"நிறுத்திடவா சார்?"

ஆறினால் குழாய் சுருங்கிப் பாதி படுத்துவிடும். மாப்பிள்ளை மேலே வந்து ஒன்றுமில்லை என்பார். மறுபடி ஞாயிற்றுக்கிழமை வரும்.

"வேணாம், ஓடட்டும். பயப்பட ஒண்ணுமில்ல," என்றேன்.

எழுந்ததை அளக்க, அவர் பக்கத்து மண்ணைத் தண்ணீர் பீய்ச்சி விலக்குவார். கடைசியாக அமுக்கிக்கொண்டிருந்தது அந்த மண்தான். அது விலகினால் மிச்சக் குழாயும் ஒரே துள்ளலில் மேலே வரும். எவ்வளவு தூரம் என்றுகூடக் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். அவர் ஒதுங்கி நிற்பார் என்று நினைத்தேன் என உங்களிடம் சொல்லலாம். நினைக்கவில்லை.

மாப்பிள்ளையின் உடல் வந்ததிலிருந்து தங்கை என் தோளில் சாய்ந்துதான் அழுகிறாள். "நீ மட்டும் அங்க இருந்திருந்தா நிறுத்தச் சொல்லியிருப்ப அண்ணா," என்கிறாள். தலையைத் தடவிக் கொடுத்தேன். வேறென்ன செய்ய?

அவர் ஹெல்மெட் கேமராவில் எல்லாம் பதிவாகியிருக்கிறது. "மச்சான்கிட்ட சொல்லுங்க, எழுந்துருச்சு. அவர் சொன்னது சரிதான்." குரலில் துளிக் கேலி இல்லை. மேலே படகில் இருந்த அத்தனை பேரும் கேட்டிருக்கிறார்கள். அந்த இடம்வரை பலமுறை ஓட்டிப் பார்த்துவிட்டேன். அதற்கப்புறம் வருவதை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. எனக்கு வேண்டியது அதில் எதுவும் இல்லை.