பட்டையில் இன்னும் ஒரு துளை

— இன்னும் ஒரு துளை இழுத்துக் கட்டு, ரெமி.

— அண்ணி, ஏற்கெனவே ஒண்ணு குறைச்சாச்சு. நான் என்ன சொல்றேன்னா, வண்டிக்கு அடியில இருக்கிற இந்தப் பட்டையை இதுக்கு மேல குறைச்சா பாரமெல்லாம் முன்னாடி ஸ்கீ மேல இறங்கிடும். வளைவுல திருப்பின உடனே பின்பக்கம் வீசிக்கிட்டுப் போகும்.

— போகட்டும், அதுதான் எனக்கு வேணும். ராத்திரி கிளப்காரனுங்க மெஷின் ஓட்டி, பனித்தடத்தை இஸ்திரி போட்ட மாதிரி வெச்சிருக்கானுங்க. அதுல ஒரு ஸ்னோமொபைல் நேராத்தான் போவேன்னு அடம்பிடிச்சா எப்படி? போன வாரம் பாலத்து வளைவுல நான் ஒரு பக்கம் திருப்புறேன், இது மரத்தைப் பார்த்துப் போகுது.

— கொஞ்சம் அசந்தா ஒரு சுத்து சுத்தி, வந்த வழியையே பார்த்து நிக்கும்.

— நான் எதுக்குடா அசர்றேன்? பின் ஸ்பிரிங்கையும் ஒரு படி ஏத்து.

— மேடு பள்ளத்துல முதுகு பேசும் அண்ணி.

— பேசட்டும், கேட்டுக்கிறேன்.

— அப்ப ஞாயித்துக்கிழமை நிஜமாவே பந்தயமா? அண்ணன் ஏதோ விளையாட்டுக்குச் சொன்னாருன்னு நினைச்சேன்.

— விளையாட்டா? கிறிஸ்துமஸ்லேர்ந்து சாப்பாட்டு மேசையில இதே சண்டை. மொன்றியல் ஆஸ்பத்திரியில எனக்கு வேலை தயாரா இருக்கு. உன் அண்ணன் யானிக்குக்கு இந்த ஏரியை விட்டு அசைய மனசில்ல. பாலத்துலேர்ந்து கிளப் குடிசை வரைக்கும் யார் முதல்ல போறாங்களோ, அவங்க சொல்ற ஊர்ல குடித்தனம்னு அவர்தான் சொன்னார்.

— நீங்க ஜெயிச்சா என் அண்ணன் ஊரை விட்டே போயிடுவாரு. அதுக்கு நானே ஸ்பானர் பிடிக்கிறேன் பாருங்க.

— வருத்தமா இருந்தா அழுதுக்கிட்டே முடுக்கு. கல்யாணம் ஆனதுலேர்ந்து ஒரு தடவைகூட அவரை நான் முந்தினதில்ல. இந்தத் தடவை என் பின் விளக்கை அவர் பார்க்கட்டும். ஆமா, அந்தத் தார்ப்பாய்க்கு அடியில இருக்கிறது அவர் வண்டிதானே?

— நேத்து விட்டுட்டுப் போனாரு.

— என்ன செய்யச் சொன்னார்? ஏன் முழிக்கிற?

— இல்ல அண்ணி, நான் என்ன சொல்றேன்னா... உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்காரு.

— ரெமி.

— பட்டையைக் கடைசித் துளை வரைக்கும் தளர்த்தச் சொன்னாரு, தளர்த்திட்டேன்.

— அப்படிச் செஞ்சா ஸ்கீ ரெண்டும் மிதக்குமே. ஒரு வளைவுகூட ஒழுங்காத் திரும்பாது.

— எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். "மரிலூகிட்ட வாயைத் திறந்து, சரி போகலாம்னு சொல்ல எனக்கு வரலடா. தோத்துட்டேன்னா பேசாம அவ கூடவே போயிடலாம்"னாரு.

— அந்தத் துணியை இப்படிக் குடு.

— அண்ணி? அழுறீங்களா?

— எப்படிப்பட்ட ஆளைக் கட்டியிருக்கேன் பாரு.

— இப்ப நான் என்ன செய்யட்டும்?

— தார்ப்பாயைத் தூக்கு. அவர் பட்டையைப் பழைய துளைக்கே கொண்டு வா, அவர்கிட்ட மூச்சு விடாதே. நான் ஜெயிச்சுத்தான் அவரைக் கூட்டிட்டுப் போவேன்.