பத்துக்கு இரண்டு

விரித்த புத்தகத்தைக் கவிழ்த்து வைப்பவர்களை எனக்குப் பிடிக்காது. முதுகு உடைந்துவிடும். படித்த பக்கத்தில் ஒரு துண்டுக் காகிதத்தைச் செருகி மூடி வைக்க எவ்வளவு நேரம் ஆகிவிடப் போகிறது? இருபத்திரண்டு வருடமாக நூலகம் நடத்துகிறேன். இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். நீங்கள் என்னைக் கண்டுபிடித்ததும் இந்த விஷயத்தால்தான் என்பதில், மேடம், எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஒருவராவது கவனித்தீர்களே.

தையல்கடைக்கு மேலே இரண்டு அறைகள்தான் என் நூலகம். வருபவர்களில் முக்கால்வாசிப் பேர் கேட்பது பேய் வீடு, சூனியம், ஆவி. அந்த அலமாரி மட்டும் எப்போதும் பாதி காலியாக இருக்கும். ஒவ்வொரு புத்தகத்தின் பின்னட்டைக்கு உள்ளேயும் ஒரு கருத்துத் தாளை ஒட்டி வைப்பது என் ஏற்பாடு. படித்தவர் இரண்டு வரி எழுத வேண்டும். அடுத்தவர் அதைப் பார்த்துவிட்டு எடுத்துப் போவார். நல்ல ஏற்பாடுதான். எழுதுபவர்கள்தான் சரியில்லை. மருந்துக்கடைக்காரர் எல்லாப் புத்தகத்திலும் ‘ஓகே’ என்று எழுதுவார். தையல்காரரின் மனைவி, கொலை செய்தது சித்தப்பாதான் என்று முடிவைப் போட்டு உடைத்துவிடுவார்; நான் அதன்மேல் காகிதம் ஒட்ட வேண்டியிருக்கும். ஒருவர் நானூறு பக்கம் படித்துவிட்டு ‘பேய் பாவம்’ என்று மட்டும் எழுதியிருந்தார். இவர்களை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

டீச்சர் மட்டும் ஒழுங்காக எழுதினார். அதுதான் பிரச்சினை.

தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். பச்சை மை, குண்டு குண்டான எழுத்து, கடைசியில் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண். அவர் நாலுக்குக் கீழே போட்டால் அந்தப் புத்தகத்தை யாரும் தொடமாட்டார்கள். ‘இந்தச் சூனியக்காரியைவிட என் பள்ளிக்கூடத்து ஆய்வாளர் பயங்கரம். பத்துக்கு மூன்று.’ இதைப் படித்துவிட்டு எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

ஆறு வருடம் உட்கார்ந்து நான் ஒரு நாவல் எழுதினேன். ‘மாடிவீட்டுச் சூனியக்காரி’. யாரிடமும் சொல்லவில்லை. நானே தட்டச்சு செய்து, பைண்டரிடம் கொடுத்து அட்டை போட்டு, இல்லாத ஒரு பெயரை ஆசிரியர் பெயராக அச்சடித்து, எண் போட்டு அலமாரியில் வைத்தேன். மூன்றாம் அத்தியாயத்தில் கடிகாரம் நின்றுபோகும். ஐந்தில் கூடத்தில் ஈரக் காலடிகள். ஏழில் புத்தகங்கள் அலமாரியிலிருந்து இறங்கித் தரையில் கிடக்கும். ஒன்பதில் மாடிப்படியின் உச்சியில் ஒரு நாற்காலி, சுவரைப் பார்த்தபடி. ஒன்பதாம் அத்தியாயத்தை எழுதிய இரவு நானே விளக்கை அணைக்காமல் படுத்தேன்.

டீச்சர்தான் முதலில் எடுத்துப் போனார். நான்கு நாளில் திருப்பிக் கொடுத்தார். ‘பேய் வருவதற்குள் வாசகர் போய்விடுகிறார். நாற்காலி இடம் மாறினால் நான் ஏன் பயப்பட வேண்டும்? நகர்த்திப் போட்டுவிட்டு உட்காருவேன். பத்துக்கு இரண்டு.’

அதன்பிறகு பதினான்கு மாதம் அந்தப் புத்தகத்தை யாரும் எடுக்கவில்லை. தூசி தட்டும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். கதை பிடிக்கவில்லை என்றால் சரி. பயம் என்றால் என்னவென்று தெரியாத ஒருவர் பயத்துக்கு மதிப்பெண் போடுவது எந்த ஊர் நியாயம்?

பிறகு டீச்சருக்கு இடுப்பில் அறுவை சிகிச்சை நடந்தது. நூலகத்துக்கு வர முடியாததால், செவ்வாயும் வெள்ளியும் நானே புத்தகம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதே நாட்களில் பதினொரு மணிக்கு அவர் பிசியோதெரபிக்குப் போய்விடுவார். திரும்பப் பன்னிரண்டரை ஆகும். ஒருநாள் என் கையில் சாவியைத் திணித்தார்.

“வாசல்ல நின்னு காயாத, லைப்ரரி. உள்ள போய் வச்சுட்டுப் போ. ஒன்ன நம்பாம யார நம்பப் போறேன்?”

என்னை அவர் ‘லைப்ரரி’ என்றுதான் கூப்பிடுவார்.

தொந்தரவு கொடுக்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. அவர் படித்ததை அவருக்குப் புரிய வைக்க நினைத்தேன். மறுபடியும் என் நாவலைக் கொடுத்து, “இன்னொரு தடவ படிச்சுப் பாருங்க டீச்சர், இந்த மாதிரிக் கதை ரெண்டாந்தடவதான் பிடிபடும்” என்றேன். வாங்கி வைத்துக்கொண்டார். அடுத்த செவ்வாய்க்கிழமை கூடத்துக் கடிகாரத்தை நிறுத்தினேன்.

“பேட்டரி போச்சு போல” என்றார், மாலையில் நான் நலம் விசாரிக்கப் போனபோது.

வெள்ளிக்கிழமை, அவர் திரும்பும் நேரம் பார்த்து, ஈரக் காலடிகள். குளியலறையில் காலை நனைத்துக்கொண்டு கூடத்தின் குறுக்கே நடந்து போய், துண்டால் காலைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தேன். செய்து முடித்தபோது உண்மையிலேயே நன்றாக இருந்தது. டீச்சர் பிளம்பரை வரவழைத்தார். பிளம்பர் கசிவைத் தேடிவிட்டு, ஒன்றும் கிடைக்காமல், நன்றாக இருந்த ஒரு குழாயை மாற்றிவிட்டுப் போனார். இப்படிப்பட்ட மனுஷியை வைத்துக்கொண்டு ஒரு எழுத்தாளர் என்னதான் செய்ய முடியும்?

இரண்டு வாரம் இப்படியே போனது. கடிகாரம் மூன்று முறை நின்றது. அவருடைய மூக்குக்கண்ணாடியைக் குளிர்பெட்டியில் வைத்தேன். எடுத்து மாட்டிக்கொண்டு, “ஜில்லுனு நல்லாத்தான் இருக்கு” என்றார். ஆனால் அன்று தேநீர் கலக்கும்போது சர்க்கரை டப்பாவை இரண்டு முறை திறந்து பார்த்தார். பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“என் மககிட்ட இதையெல்லாம் சொல்லிடாத. அம்மாவுக்குப் புத்தி கழண்டுபோச்சுன்னு நாளைக்கே மூட்டை கட்டிடுவா. முதியோர் இல்லத்துக்கு மனு எல்லாம் எழுதி வச்சிருக்கா. இந்த வீட்ட விட்டா நான் ரெண்டு மாசம் தாங்கமாட்டேன்.”

முகத்தைப் பார்த்தேன். பயந்துதான் போயிருந்தார். ஆனால் சூனியக்காரிக்கு இல்லை, மகளுக்கு. எனக்கு எரிச்சலாக வந்தது. இருந்தாலும் பயம் பயம்தானே என்று, மறுநாள் மகளுக்குத் தொலைபேசியில் சொன்னேன். அக்கறையாகத்தான் சொன்னேன். அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை வந்து கூட்டிப் போய்விடுவதாக மகள் அழுதுகொண்டே சொன்னாள்.

“யாரோ அவகிட்ட வத்தி வச்சிருக்காங்க” என்றார் டீச்சர், செவ்வாயன்று. அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

“பக்கத்து வீட்டுக்காரங்களா இருக்கும்” என்றேன்.

ஆக எனக்கு இருந்தது ஒரே ஒரு வெள்ளிக்கிழமை. ஏழாம் அத்தியாயத்தையும் ஒன்பதாம் அத்தியாயத்தையும் ஒரே நாளில் செய்தாக வேண்டும். கட்டமைப்பாகப் பார்த்தால் அது தவறு, அடுக்கடுக்காகத்தான் வர வேண்டும். வேறு வழியில்லை.

பதினொன்றேகாலுக்கு உள்ளே போனேன். சாப்பாட்டு மேசையிலிருந்து ஒரு நாற்காலியைத் தூக்கிப் போய், மாடிப்படியின் உச்சியில் சுவரைப் பார்க்கப் போட்டேன். மாடி அறையில் அவருடைய சொந்தப் புத்தகங்கள் பத்தொன்பது இருந்தன. அவற்றை வீச எனக்குக் கை வரவில்லை. ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்தேன். ஜன்னலோரத்தில், அறுவை சிகிச்சைக்கு முன் அவர் பாதியில் விட்ட புத்தகம், வழக்கம்போல விரிந்து கவிழ்ந்து கிடந்தது. முதுகில் கோடு விழுந்திருந்தது. என் பையிலிருந்த பழைய நூலக அட்டை ஒன்றைக் கிழித்து, பக்கத்தில் செருகி மூடி, மற்றவற்றோடு வைத்தேன். “எந்தப் பேய்ம்மா பக்கத்துக்கு அடையாளம் வைக்கும்?” என்று நீங்கள் கேட்டீர்கள். நியாயமான கேள்வி.

அப்போது வாசல் கதவு திறந்தது. பிசியோதெரபிஸ்ட் அன்றைக்கு விடுப்பு. எனக்கு அது தெரியாது. நான் அறைக்கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

“யாரு மேல?”

வகுப்பில் பேசியது யார் என்று கேட்கிற குரல். பிறகு கைத்தடி, படி, மூச்சு. அந்த இடுப்பை வைத்துக்கொண்டு பதினான்கு படியும் ஏறினார். கதவிடுக்கில் எனக்கு நன்றாகத் தெரிந்தது. நாற்காலியைப் பார்த்தார். ஒரு நிமிடம் நின்றார். இப்போது, என்று நினைத்தேன்.

“ஏய், ஒனக்கு இங்க என்ன வேல?” என்றார் நாற்காலியிடம்.

கைத்தடியைக் கைப்பிடியில் மாட்டிவிட்டு, நாற்காலியை இரண்டு கையாலும் பிடித்துத் தன் பக்கம் இழுத்தார். கருத்துத் தாளில் எழுதியதை எழுதியபடியே செய்தார். நகர்த்தினார். உட்காரத்தான் முடியவில்லை.

நான் தள்ளவில்லை. தொடக்கூட இல்லை.

படிகளில் உருண்டு கீழே விழுந்த பிறகும் நினைவோடுதான் இருந்தார். வலிக்கிறது என்றார், தண்ணீர் கேட்டார். பிறகு, அன்று வெள்ளிக்கிழமை என்பது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். “லைப்ரரி, வந்துட்டியாம்மா? வந்துடுவா, இப்ப வந்துடுவா” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார். நான் மேலே கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு தடவை ‘பயமா இருக்கு’ என்று சொல்லியிருந்தால் இறங்கிப் போயிருப்பேன். சத்தியமாகப் போயிருப்பேன். ஆம்புலன்ஸ் எண் எனக்கு மனப்பாடம். அவர் சொல்லவில்லை. பிடிவாதக்காரி. மணி ஒன்று பத்துக்குச் சத்தம் நின்றது. ஒன்றரை வரை பொறுத்துவிட்டு இறங்கினேன். அவரைத் தாண்டிப் போய் நாற்காலியை மேசைக்குப் பக்கத்தில் போட்டுவிட்டு, கொண்டுவந்த இரண்டு புத்தகங்களை வழக்கமான இடத்தில் வைத்துவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு வந்தேன். அவருடைய கைப்பை பக்கத்திலேயே கிடந்தது. திறந்து பார்க்கவில்லை. அடுத்தவர் பையைத் திறக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது.

திறந்திருந்தால் என் நாவல் அதற்குள் இருப்பது தெரிந்திருக்கும். அன்றைக்குத் திருப்பிக் கொடுக்க எடுத்து வைத்திருக்கிறார், கருத்தும் எழுதி. நேற்று நீங்கள் வாசித்துக் காட்டினீர்கள். இன்னொரு தடவை வாசியுங்கள் என்று நான் கேட்டபோது ஏன் அப்படிப் பார்த்தீர்கள் என்று புரியவில்லை. இப்போது எனக்கு அது மனப்பாடம்.

‘இரண்டாம் முறை படித்தேன். சில நாளாக என் வீட்டிலும் இப்படித்தான் நடக்கிறது. எழுதியவர் யாரோ அனுபவப்பட்டவர். துணைக்கு ஆளில்லாதவர்கள் இதைப் படித்தால் பயப்படுவார்கள். எனக்கு நூலகத்துப் பெண் இருக்கிறாள், சாவியும் அவளிடம் இருக்கிறது. அதனால் பயமில்லை. பத்துக்கு மூன்று.’

ஒரு மதிப்பெண் கூடியிருக்கிறது, சரி. ஆனால் இவ்வளவுக்குப் பிறகும் பயமில்லை என்றுதான் எழுதியிருக்கிறார், கவனித்தீர்களா? இப்படி ஒருவர் எழுதி வைத்துவிட்டுப் போனால் இனி அந்தப் புத்தகத்தை யார் எடுப்பார்கள்?

வழக்குக்காக முழுவதும் படித்துவிட்டதாகச் சொன்னீர்களே, மேடம். அந்தத் தாளின் கடைசியில் இன்னும் இரண்டு வரிக்கு இடமிருக்கிறது.